ரெட்டிப்பாகும்னு போடறீங்க, எப்படின்னும் சேத்து போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வாராவாரம் நீங்க போடற ரியல் எஸ்டேட் பக்கத்த நான் விடாம படிக்கிறவன். அதுல யாராவது ஒருத்தர் "இந்த ஏரியாவுல வெலை அஞ்சு வருஷத்துல ரெட்டிப்பாகும்"னு சொல்லியிருப்பார், ஆனா எத வச்சு சொல்றார்ங்கறது மட்டும் இருக்காது. அஞ்சு வருஷத்துல ரெட்டிப்புன்னா கூட்டுவட்டி கணக்குல வருஷத்துக்கு கிட்டத்தட்ட 15 சதவீதம் ஏறணும். வாங்கறவங்க சம்பளம் அந்த வேகத்துல ஏறுதா? ஏறலேன்னா அஞ்சாவது வருஷம் நம்மகிட்ட அந்த வெலைக்கு வாங்கப்போறது யாரு?

எங்க அத்தான் ரிட்டயர்மென்ட் பணத்த இப்படி ஒரு கணிப்ப நம்பித்தான் ஃப்ளாட்ல போட்டார். அவர் எழுதி வச்சிருந்த கணக்க நானும் பாத்தேன், வருஷம் 12 மாசமும் வாடகை வர்ற மாதிரி இருந்துச்சு. மொதல் வருஷமே ஏழு மாசம் பூட்டிக் கெடந்தது, அந்த ஏழு மாசமும் மெயின்டனன்ஸ் கட்டணும், சொத்து வரி கட்டணும், ஆள் வர்றதுக்கு முன்னாடி பெயின்ட் அடிக்கணும், ஆள் புடிச்சு குடுத்த புரோக்கருக்கு கமிஷன் வேற. இதெல்லாம் கணிக்க முடியாத விஷயமே இல்ல சார், கணக்குல ஒரு வரி எழுதியிருந்தா தெரிஞ்சிருக்கும்.

வட்டியும் அப்படித்தான். செலவெல்லாம் போக வருஷத்துக்கு 60 ரூபா வாடகை வர்ற சொத்துன்னு வச்சுக்கோங்க, வாங்கறவங்க 6 சதவீத வருமானம் போதும்னு நெனச்சா அதுக்கு 1000 ரூபா குடுப்பாங்க, வட்டி ஏறி அவங்க 7.5 சதவீதம் எதிர்பாக்க ஆரம்பிச்சா அதே சொத்து 800 தான். வாடகை ஒரு பைசா கொறையல, வெலை மட்டும் 20 சதவீதம் போச்சு. 80 சதவீதம் லோன் போட்டு வாங்குனவருக்கு கைக்காசு மொத்தமும் காலி. இத எழுதாம வெறும் ரெட்டிப்பு கணக்கு மட்டும் போட்டா படிக்கறவங்க என்ன பண்ணுவாங்க?

கணிக்கவே கூடாதுன்னு நான் சொல்லல. வெலை இறங்கறதுக்கு முன்னாடி பெரும்பாலும் விற்பனை எண்ணிக்கைதான் கொறையும், ஏன்னா விக்கறவங்க சீக்கிரத்துல வெலைய கொறைக்க மாட்டாங்க, காத்திருப்பாங்க. ஒரு வீடு விக்க எத்தன நாள் ஆகுது, புதுசா எவ்ளோ வீடு கட்டி முடிக்கப்போறாங்க, வாடகை வெலையோட சேந்து ஏறுதா, இதையெல்லாம் பாத்தா காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு ஓரளவு புரியும். ஆனா தேதி போட்டு, சதவீதம் போட்டு சொல்றது வேற. அமெரிக்காவுல ஜில்லோன்னு, வீட்டு வெலைய இணையத்துல மதிப்பிட்டு சொல்ற கம்பெனி, அவ்ளோ டேட்டா கையில இருந்தும், வீடு வாங்கி விக்கற தொழில மூடறதா 2021 நவம்பர்ல அறிவிச்சாங்க, வெலைய கணிக்கறது நாங்க நெனச்சத விட கஷ்டமா இருக்குன்னு அவங்களே சொன்னாங்க. அந்த ஊர்லயே 2006ல உச்சத்துக்குப் போன வீட்டு வெலை 2012 வரைக்கும் இறங்கிட்டே இருந்துச்சு. ஆம்ஸ்டர்டாம்ல ஹெரன்க்ராக்ட் கால்வாய் ஓரத்து வீடுகள 1628லேருந்து 1973 வரைக்கும் கணக்கு எடுத்திருக்காங்க, விலைவாசி ஏத்தத்த கழிச்சா அத்தன வருஷத்துக்கும் சேத்து சுமார் ரெண்டு மடங்குதான். நடுவுல எத்தனையோ பேருக்கு எக்கச்சக்க லாபம், எத்தனையோ பேருக்கு நஷ்டம்.

அதனால நான் கேக்கறது ரெண்டே விஷயம். கணிப்பு போடும்போது பக்கத்துலயே என்ன வட்டி, எத்தன மாசம் காலி, என்ன செலவு வச்சு சொல்றார்னு போடுங்க, தப்பிப்போனா எவ்ளோ இறங்கும்னும் அவர்கிட்டயே கேட்டுப் போடுங்க. அப்புறம், சொன்ன வருஷம் முடிஞ்சதும் அதே கணிப்ப எடுத்து, பலிச்சுதா இல்லையான்னு அதே பக்கத்துல எழுதுங்க. அத்தான் வாங்குன சமயத்துல வந்த கணிப்ப நான் கத்தரிச்சு வச்சிருக்கேன், கேட்டா அனுப்பி வைக்கறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்