டச்பேடுக்கு டிரைவர் எழுதுகிறேன்

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள குமரா,

அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? இங்கே எல்லாரும் நலம்.

நீ வந்தபோது பார்த்தாயே, லினக்ஸ் போட்டால் இரண்டு விரலால் ஸ்க்ரோல் பண்ண முடியாத அந்த லேப்டாப், அதன் டச்பேடுக்கு நானே டிரைவர், அதாவது பேடும் லினக்ஸும் பேசிக்கொள்ள உதவும் புரோகிராம், எழுதிக்கொண்டிருக்கிறேன்டா. ஓரளவு வேலை செய்கிறது!

பேடில் கோளாறு எதுவும் இல்லை. அது பிஎஸ்/2 என்ற பழைய கீபோர்டு, மவுஸ் இணைப்பு வழியாகப் பேசுகிற ரகம், முறைப்படி கேட்காதவரை சாதாரண மவுஸ் போல மூன்று பைட் மட்டும்தான் தரும்: பட்டன் நிலை, பக்கவாட்டில் எவ்வளவு நகர்ந்தது, மேல் கீழாக எவ்வளவு. விரல் எந்த இடத்தில் இருக்கிறது, எத்தனை விரல் என்பதெல்லாம் அதில் கிடையாது. அதை வாங்க, கதவைத் தட்டுகிற மாதிரி ஒரு ரகசியத் தட்டு தட்ட வேண்டும், அதாவது சில கட்டளைகளைக் குறிப்பிட்ட வரிசையில் அனுப்ப வேண்டும், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எலான்டெக் என்ற கம்பெனியின் பேடில் இ6 கட்டளையை மூன்று தடவை அனுப்பி இ9 கேட்டால் 3சி, 03, சி8 என்று பதில் வரும், அதை வைத்துத்தான் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் அடையாளம் காண்கிறது.

நம் பேடைச் செய்தவர்களுக்கு எழுதிக் கேட்டேன், பதிலே இல்லை. சரி என்று அவர்களுடைய டிரைவரோடு விண்டோஸை க்யூஎம்யூவுக்குள் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் போல நடிக்கும் மென்பொருள்) ஓட்டி, நிஜ பேடை அதற்குள் இணைத்து, போகிற வருகிற பைட் எல்லாவற்றையும் பதிவு செய்தேன். அவர்களுடைய புரோகிராம் கோடைத் தொடவே இல்லை, அதனால் இதை ஜிபிஎல்லில் (லினக்ஸ் கெர்னலின் திறந்த உரிமத்தில்) தாராளமாக வெளியிடலாம். தட்டு கிடைத்ததும் ஆறு பைட் பாக்கெட் வர ஆரம்பித்தது. அப்புறம் ஒரு விரலை இடமிருந்து வலமாக மட்டும் இழுத்து எந்த பிட் மாறுகிறது என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், எக்ஸின் (விரலின் பக்கவாட்டு இடத்தைச் சொல்லும் எண்ணின்) மேல் நாலு பிட் வேறொரு பைட்டின் பாதியில் ஒளிந்திருந்ததைக் கண்டுபிடித்தபோது வந்த சந்தோஷத்தை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

ஸ்க்ரோல், உள்ளங்கை பட்டால் ஒதுக்குவது எல்லாம் லினக்ஸில் இருக்கிற லிப்இன்புட் என்ற மென்பொருள் பார்த்துக்கொள்ளும். டிரைவர் விரல்களின் இடத்தை ஒழுங்காகச் சொன்னால் போதும்.

இதைத் தனி மாட்யூலாக, அதாவது கெர்னலுக்கு வெளியே தனியாகச் சேர்க்கும் துண்டாக, வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. கெர்னலின் உள் அமைப்பு மாறும்போதெல்லாம் வெளியே இருக்கிற மாட்யூல் உடையும், செகண்ட் ஹேண்டில் இந்த மாடலை வாங்குகிற பிள்ளைகளால் ஒவ்வொரு தடவையும் அதைச் சரிசெய்துகொண்டிருக்க முடியாது. கெர்னலுக்குள்ளேயே போய்விட்டால் லினக்ஸ் போட்டதுமே எல்லாருக்கும் ஓடும்.

அதற்கு முன் இன்னொரு மெஷினில் சோதிக்க வேண்டும், உன் தங்கையிடம் இதே மாடல் இருக்கிறது. அதில் ஐ8042 டீபக்கை (கீபோர்டு, பேடு பைட்டுகளைப் பதிவு செய்யும் கெர்னல் வசதி) ஆன் செய்து பூட் பண்ணி, பேடில் விரல் வைத்து டீமெசேஜை (கெர்னல் எழுதும் பதிவை) எடுத்து அனுப்பு. அந்த நேரம் பாஸ்வேர்டு எதுவும் டைப் பண்ண வேண்டாம் என்று அவளிடம் சொல், பழைய கெர்னலில் கீபோர்டு பைட்டும் சேர்ந்து பதிவாகும். சிரமமாக இருந்தால் சனிக்கிழமை நானே புதுச்சேரி பஸ் ஏறி லாஸ்பேட்டைக்கு வருகிறேன், அவளுக்கு வசதிப்படுமா என்று கேட்டுச் சொல்.

அன்புடன்,
சேகர்