பழைய வீடுகளின் வயரிங்கை இனங்காணல்

ஆசிரியர் அவர்களுக்கு,

பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பகுதிகளிலுள்ள பழைய வீடுகளைத் திருத்துவது குறித்துச் சென்ற ஞாயிறு இதழில் வெளிவந்த கட்டுரை, மெயின் போர்டில் ட்ரிப் சுவிச் பூட்டப்பட்டிருந்தால் வயரிங்கைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை என்ற எண்ணத்தை வாசகர்களிடம் ஏற்படுத்தக்கூடும். போர்டை மாற்றியவர்கள் சீலிங்குக்கு மேலே ஓடும் வயரையும் மாற்றினார்களா என்பது தனியே பார்க்க வேண்டிய விடயம்.

இணையத்தில் இதைத் தேடினால் பீங்கான் குமிழ்களுக்கிடையே இழுத்துக் கட்டிய அமெரிக்க வயரிங்கின் படங்களே அதிகம் வருகின்றன. நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் பிரித்தானிய முறை: இரண்டு பள்ளங்கள் தோண்டி மூடி அறைந்த மரப்பட்டிக்குள் செல்லும், துணி சுற்றிய இறப்பர் வயர், அல்லது மரச்சட்டத்தின் மேல் சிறு உலோகக் கிளிப்புகளால் பிடிக்கப்பட்ட, இறப்பர் உறையோ ஈய உறையோ கொண்ட வயர். வட்ட முனை பிளக் பொயின்றுகளும் பித்தளைச் சுவிச்சுகளும் பழைமைக்கு அடையாளமே என்றாலும், சுவிச்சை மட்டும் மாற்றிவிட்டுப் போனவர்கள் அநேகர் என்பதால் அவற்றை நம்பி முடிவெடுக்க இயலாது.

வயரையே பார்ப்பதுதான் சரி. மெயினை நிறுத்தி, மின்னோட்டம் இல்லையென்று சோதித்த பின்னர், விளக்கு தொங்கும் இடத்திலுள்ள மூடியை மின் வேலை தெரிந்தவர் கழற்றிப் பார்க்கட்டும். பல்பின் சூடு ஆண்டுக்கணக்கில் ஏறிய அந்த இடத்தில்தான் இறப்பர் முதலில் காய்ந்து, சற்று வளைத்தாலே பிஸ்கட்டைப் போல உதிரும். உள்ளே வெள்ளி நிறத்தில் இழைகள் தெரிந்தால் அலுமினியம் என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். இறப்பரிலுள்ள கந்தகம் செம்பை அரிக்காதிருக்க வெள்ளீயம் பூசினார்கள். சுரண்டினால் செம்பு தெரியும். உறையில் 3/.029 என்று இருந்தால், அங்குலத்தில் 0.029 விட்டமுள்ள மூன்று இழைகள் என்று பொருள்.

இவற்றிலும் ஆபத்தானது, லைவ் வயருக்கு மட்டுமன்றி, மின்னோட்டம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் வயருக்கும் பியூஸ் வைத்த பழைய போர்டு. அந்தப் பியூஸ் மட்டும் எரிந்தால் விளக்கு அணைந்துவிடும். வயரில் 230 வோல்ற் அப்படியே நிற்கும். பல்ப் எரியவில்லையே என்று ஹோல்டரில் கை வைப்பவருக்கு அது தெரியாது.

ஆகவே, வீட்டுக்கு வர்ணம் பூசுவதற்கு முன்னர், தகுதியுள்ள மின் வேலையாளரைக் கொண்டு மெகர் எனும் சோதனைக் கருவியால் 500 வோல்ற்றில் ஒவ்வொரு சுற்றின் காப்பையும், அதாவது மின்சாரம் கசியாமல் தடுக்கும் திறனையும், அளப்பது நல்லது. ஒரு மெகாஓமுக்குக் குறைந்தால் வயரை மாற்ற வேண்டியதுதான். மரப்பட்டி அழகாக இருந்தால் மின்னோட்டம் இல்லாமல் அப்படியே விட்டுவைக்கலாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மின் மேற்பார்வையாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.