கீழமாசி வீதியில பார்த்த டீச்சரம்மாவுக்கு

போன வருஷம் மாலத்தீவுல டீச்சர் வேலைக்கு கிளம்புறதுக்கு முன்னாடி மதுரை கீழமாசி வீதி மளிகைக் கடையில ரவை, சேமியான்னு அள்ளிக்கிட்டு இருந்தேன், பக்கத்துல புளி பார்த்துக்கிட்டு இருந்த அம்மா "எந்த ஊருக்குத்தா இம்புட்டும்?"னு கேட்டாங்க, சொன்னா அவங்களும் அங்கதான் 6 வருஷம் கணக்கு டீச்சராம்! அங்கிட்டு அரிசி பருப்பெல்லாம் கிடைக்கும்த்தா, காய்கறிதான் தலைநகர் மாலேல இருந்து போட் வந்தாத்தான், வத்தல வாங்குன்னு சொல்லி என் ரவையில பாதிய திருப்பி வைக்க வச்சாங்க (கடைக்கார அண்ணன் மூஞ்சிய பார்க்கணுமே). சுண்டவத்தல், மணத்தக்காளி வத்தல், அப்புறம் புளிய கொட்டை எடுத்து கல்லுப்பு போட்டு உருட்டி வையின்னு அங்கேயே ஒரு உருண்டை உருட்டி காட்டுனாங்க.

ஒருதடவை கடல் சரியில்லன்னு நாலு நாளா போட் வரல, தீவுக் கடையில வெங்காயமும் முளைச்ச உருளைக்கிழங்கும்தான். அந்தப் புளி உருண்டையும் சுண்டவத்தலும்தான் சோறு போட்டுச்சு.

அந்த ஊரு காலைச் சாப்பாடு மாஸ் ஹுனியும் பழகிட்டேன்மா. சூரை மீன், தேங்காய்ப்பூ, வெங்காயம், மிளகாய் எலுமிச்சை விட்டுப் பிசைஞ்சு ரொஷியோட (நம்ம சப்பாத்தி மாதிரி), காலங்காத்தால மீனான்னு மொத வாரம் முழிச்சதோட சரி.

பேரு கேட்காம விட்டுட்டேன். ரொம்ப நன்றிம்மா. லீவுக்கு மதுரை வந்திருக்கேன், ரெண்டு தடவை அந்தக் கடைப்பக்கம் போய் நின்னு பார்த்தேன். உங்களுக்குன்னு அரைக்கிலோ மாசிக் கருவாடு வாங்கி வச்சிருக்கேன்.