கித்தான் வாளியும் கறையான் தின்ற பேரேடும்

ஆசிரியருக்கு,

வட அத்திலாந்திக் சமுத்திரம் 2023இல் அதுவரை பதிவாகாத அளவுக்குச் சூடானது. "அறுபது, எழுபது வருஷத்துக்கு ஒருக்கா வரும் சுற்றுத்தானே" என்று தேத்தண்ணிக் கடையில் ஒருவர் சொன்னார். பாதி சரி. அந்தக் கடல் 1930கள் முதல் 1950கள் வரை சற்றுச் சூடாகவும், 1970களிலும் 1980களிலும் சற்றுக் குளிராகவும் இருந்தது. ஆனால் அந்த ஏற்ற இறக்கம் அரைப் பாகை செல்சியஸ் அளவுகூட இல்லை. மிச்சச் சூட்டில் பெரும்பங்கு நாம் எரித்த நிலக்கரியும் எண்ணெயும் ஏற்றியது.

கடற்சூட்டின் பழைய கணக்கில் பெரும்பங்கு எப்படிக் கிடைத்தது தெரியுமா? மாலுமிகள் கித்தான் வாளியில் கடல்நீர் மொண்டு, வெப்பமானியை அதில் வைத்துப் பார்த்து எழுதியதுதான். ஈரக் கித்தானில் காற்றுப் பட்டால் நீர் கொஞ்சம் குளிர்ந்துவிடும். அந்தப் பிசகையும் இன்று திருத்திக்கொள்கிறார்கள்.

எங்கள் தோட்ட ஆபீஸிலும் காலையில் மழைமானியைப் பார்த்துப் பேரேட்டில் எழுதுவோம். நிர்வாகம் மாறியபோது அவை சாக்கில் கட்டி ஸ்டோருக்குள் போயின. போன மாதம் பிரித்தால் பாதியைக் கறையான் தின்றிருந்தது. மற்றத் தோட்டங்களில் மிஞ்சியிருப்பதையாவது இப்போதே படமெடுத்து வைக்கட்டும்.

ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை,
தலவாக்கலை