எட்டாம் பக்கத்தில் இறங்கிப்போகும் எழுத்து

மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் வகுப்பாசிரியர்களுக்கும் வணக்கம்.

பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகன் மார்ஃபான் நோய்க்குறியோடு பிறந்தவன். ஏறத்தாழ 5,000 பேரில் ஒருவருக்கு இருக்கும் இந்த மரபணுக் கோளாற்றில், இணைப்புத் திசுவுக்கு உறுதி தரும் ஃபிப்ரில்லின் என்ற புரதம் சரிவர அமைவதில்லை. அதனால் மூட்டுகள் தளர்கின்றன, கண்வில்லை இடம்பெயரக்கூடும், இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி மெல்ல விரிகிறது. அறிவுத்திறன் பொதுவாகக் குறைவதில்லை. இதை எழுதக் காரணம், "பையன் கொஞ்சம் மந்தம்" என்ற சொல்லைப் பெற்றோர் கூட்டத்தில் கேட்டுக்கொண்டு வீடு திரும்பியவள் நான்.

பெருந்தமனியின் சுமையைக் குறைக்க அவன் காலையில் விழுங்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை நாடித்துடிப்பைத் தணிப்பதோடு சோர்வையும் தருகிறது. முதுகுவலியால் இரவுத் தூக்கமும் அரைகுறைதான். எனவே இரண்டாம் பாடவேளையில் கேட்ட கேள்விக்கு அவனிடமிருந்து விடை வரச் சற்று நேரமாகும். கரும்பலகையைப் பார்க்கையில் அவன் தலையைச் சாய்ப்பது கவனக்குறைவால் அன்று. விலகிய வில்லையின் ஓரம் பார்வையில் குறுக்கிடுவதால். வீட்டில் இயற்பியல் கணக்கை வாய்மொழியாகத் தடங்கலின்றிச் சொல்பவனின் விடைத்தாளில் முதலிரண்டு பக்கங்கள் அச்சுக் கோத்தாற்போல் இருக்கும். எட்டாம் பக்கத்தில், பேனாவை அழுத்தும் கட்டைவிரல் பின்னால் வளைந்துபோக, எழுத்து வரியைவிட்டு இறங்கிவிடும். கடைசி ஐந்து மதிப்பெண் வினா, விடை தெரிந்தும், எண்ணோடு நிற்கும்.

கூடுதல் நேரம் கேட்டபோது, 40 விழுக்காடு ஊனச் சான்று இருக்கிறதா என்றார்கள். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒருவர் தொடுத்த விகாஷ் குமார் வழக்கில், அந்த வரம்பை எட்டவில்லை என்பதற்காகச் சொல்வதை எழுதுபவரின் உதவியை மறுக்கலாகாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பள்ளிக்குள் நடக்கும் தேர்வுகளுக்கேனும் மருத்துவரின் கடிதத்தை ஏற்று நேரம் கொடுங்கள். பாடநூல்களின் இன்னொரு பிரதியை வகுப்பிலேயே வைத்துக்கொள்ள விடுங்கள், பாதி முதுகுவலி புத்தகப் பையால்தான்.

இன்னொன்று. இந்த நோய்க்குறியால் வந்த அவன் உயரத்தைப் பார்த்ததும் கைப்பந்து அணிக்கு இழுக்காதீர்கள். அமெரிக்கக் கைப்பந்து வீராங்கனை ஃப்ளோ ஹைமன், தமக்கு மார்ஃபான் இருப்பதை அறியாமலே ஆடி, 1986இல் ஜப்பானில் ஓர் ஆட்டத்தின்போது பெருந்தமனி கிழிந்து இறந்தார். ஆனால் மைதானத்திலிருந்தே விலக்கிவிடவும் வேண்டாம். புள்ளி குறிக்கும் பொறுப்பை அவனிடம் கொடுங்கள். ஆட்ட விதிகள் எல்லாம் அவனுக்கு மனப்பாடம்.

இப்படிக்கு,
ஒரு மாணவனின் தாய்