தாய்மார் உயிரோடு இருக்கும்போதே மரபணு வங்கியைத் திறவுங்கள்

மாண்புமிகு சுகாதார அமைச்சர் அவர்களுக்கும், நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்கள ஆணையாளர் அவர்களுக்கும்,

வணக்கம். 1980களில் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளின் கதையை நான் தங்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. வெளிநாட்டாருக்கு விற்பதற்காகப் பிள்ளைகளைச் சேர்த்து வைத்த பிள்ளைப் பண்ணைகளைப் பற்றியும், காசு வாங்கிக்கொண்டு தாயாக நடித்த பெண்களைப் பற்றியும் தாங்கள் அறிவீர்கள். 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன அவர்கள் இதை ஒப்புக்கொண்டு, அந்தப் பிள்ளைகள் பெற்றோரைக் கண்டறிவதற்காக, மரபணு மாதிரிகளைச் சேர்த்து ஒப்பிடும் மரபணு வங்கி ஒன்று அமைக்கப்படும் என்று வாக்களித்தார். அந்த வங்கி எங்கே என்று கேட்பதற்கே இம்மடலை எழுதுகிறேன்.

எங்கள் அம்மா நுவரெலியா மாவட்டத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். அவருடைய மூத்த பெண்பிள்ளை ஆஸ்பத்திரியிலேயே இறந்துவிட்டதாகச் சொன்னார்கள், உடலைக் காட்டவில்லை. இந்த வருடத் தொடக்கத்தில் நெதர்லாந்திலிருந்து நாற்பது வயதைத் தாண்டிய பெண்ணொருவர் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தைத் தேடி வந்தார். அவர் கொண்டுவந்த தத்தெடுப்புக் கோப்பில், தாயின் பெயர் எழுதும் இடத்தில் எங்கள் அம்மாவின் பெயரும் தோட்டத்தின் பெயரும் பிசகில்லாமல் இருந்தன. அன்றைக்கு எங்கள் லயத்தின் எல்லா அறைகளிலிருந்தும் ஆட்கள் வந்து நின்றார்கள். அம்மா அவரை மடியில் சாய்த்துக்கொண்டார்.

அந்தப் பெண் விவரமானவர். காகிதத்தை நம்பி ஏமாந்தவர்களை அறிந்தவர். மரபணுப் பரிசோதனைப் பெட்டியொன்றையும் கையோடு எடுத்து வந்திருந்தார். அரைமணி நேரம் எதுவும் உண்ணாமலும் குடிக்காமலும் இருந்து, சிறு குழாயில் குறித்த அளவுக்கு எச்சிலைச் சேர்க்க வேண்டும். ஆயுள் முழுவதும் வெற்றிலை போட்ட, வாய் உலர்ந்துபோன ஒரு கிழவிக்கு அது எவ்வளவு பாடு என்பதை எந்த நிறுவனமும் யோசித்திருக்காது. வெற்றிலையைத் துப்பி, வாய் கொப்பளித்து, காத்திருந்து, ஒருவழியாக அம்மா அந்தக் கோடுவரை நிரப்பிக் கொடுத்தார். சில வாரங்களில் முடிவு வந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் மரபணுவில் சரிபாதி பொதுவாக இருந்தே ஆக வேண்டும். இவர்கள் இருவருக்கும் பொதுவாக எதுவுமே இல்லை.

வேறு யாரோ பெற்ற பிள்ளையை எங்கள் அம்மாவின் பெயரில் எவரோ கப்பலேற்றியிருக்கிறார்கள். அப்படியானால் அம்மா பெற்ற பிள்ளை எவருடைய பெயரில் போயிற்று, அல்லது உண்மையிலேயே இறந்துதான் போயிற்றா? இந்தக் கேள்விக்கு விடை தரக்கூடிய காகிதம் எதுவும் இந்நாட்டில் இல்லை, ஏனெனில் பொய் எழுதப்பட்டதே காகிதத்தில்தான். முடிவைக் கேட்டபின் அம்மா தம்மைப் பற்றிப் பேசவில்லை. “அந்தப் புள்ளயோட அம்மாவையாவது தேடிக் குடுங்க” என்றார். அதற்கு எங்கே போவதென்று தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

மரபணுவைப் பரிசோதித்து உறவு தேடித் தரும் வெளிநாட்டு நிறுவனங்கள் இருக்கின்றனவே என்று தங்கள் அதிகாரிகள் கூறக்கூடும். அந்நிறுவனங்களின் தரவுத்தளங்களில் கோடிக்கணக்கானோர் இருப்பது உண்மை. ஆனால் அவர்களில் பெரும்பாலானோர் ஐரோப்பிய வம்சாவளியினர். இரு தரப்பும் பதிந்திருந்தால்தான் பொருத்தம் கிடைக்கும். ஆம்ஸ்டர்டாமில் பிள்ளை பதிந்து, அட்டனில் தாய் பதியாவிட்டால், கிடைப்பதெல்லாம் தூரத்து உறவினர் சிலருடைய பெயர்கள் மட்டுமே. அதிலும் அத்தை மகனையும் மாமன் மகளையும் கட்டும் வழக்கம் எங்களிடையே இருப்பதால், தூரத்து உறவுகூட நெருங்கிய உறவு போலத் தோன்றித் தேடுபவரை அலைக்கழிக்கும். தாயின் மாதிரி நேரடியாகக் கிடைத்தால் இந்தக் குழப்பம் எழாது. இன்னொன்று, அத்தகைய பெரும் நிறுவனங்களில் ஒன்றான 23அண்ட்மீயிடமிருந்து 2023இல் ஏறத்தாழ 69 இலட்சம் பேரின் விவரங்கள் களவு போயின. 2025 மார்ச்சில் அது வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. எங்கள் தாய்மாரின் மரபணுவை அவ்விடத்தில் ஒப்படைக்கச் சொல்வது அரசாங்கத்துக்கு அழகல்ல.

செய்ய முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. பிள்ளைப் பண்ணைகள் அம்பலமாகி இலங்கை வெளிநாட்டுத் தத்தெடுப்பைத் தற்காலிகமாக நிறுத்திய அதே 1987இல், ஆர்ஜென்டீனா, இராணுவ ஆட்சியில் களவாடப்பட்ட பிள்ளைகளை அடையாளம் காண்பதற்காகச் சட்டமியற்றித் தேசிய மரபணு வங்கியை அமைத்தது. பேரப்பிள்ளைகளைத் தேடிய பாட்டிமார் இரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்களுள் பலர் இறந்தபின்னும் அந்த மாதிரிகள் பேசுகின்றன. இதுவரை 130க்கும் மேற்பட்டோர் கண்டறியப்பட்டுள்ளனர். பிள்ளைகளை வாங்கிய நாடுகளும் சும்மா இருக்கவில்லை. 2020இல் சுவிட்சர்லாந்து வருத்தம் தெரிவித்தது. 2021இல் நெதர்லாந்து மன்னிப்புக் கேட்டு வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்தி வைத்தது. கொடுத்த நாடோ கொடுத்த வாக்கைக்கூட மறந்துவிட்டு அமர்ந்திருக்கிறது.

இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரான மலையக மக்களை எண்ணுவது அரசுக்குப் புதிய வேலையுமல்ல. 1948இல் குடியுரிமையைப் பறித்தபின், 1964இல் இன்னாருக்கு இந்தியா, இன்னாருக்கு இலங்கை என்று பங்கிடும்போது 9,75,000 பேரைக் கணக்கில் கொண்டுவர முடிந்தது. அனுப்புவதற்கு எண்ணத் தெரிந்தவர்களுக்கு, அனுப்பப்பட்டவர்களைத் தேடுவதற்கு மட்டும் எண் மறந்துபோகிறது. கோபம் பேனாவில் ஏறிவிட்டது, பொறுத்தருள வேண்டும்.

மீண்டும் பணிவோடு கேட்கிறேன்: அந்த மரபணு வங்கியைத் திறவுங்கள். மாவட்ட ஆஸ்பத்திரிகளிலும் தோட்டங்களுக்கு வரும் நடமாடும் சேவைகளிலும் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுக்கும் மாதிரியை இலவசமாகப் பெறுங்கள். ஒப்புதல் படிவம் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். கணவருக்கும் பின்பிறந்த பிள்ளைகளுக்கும் தெரியாமல் இந்தத் துயரத்தைச் சுமக்கும் பெண்கள் பலர் இருக்கக்கூடும். அவர்கள் விரும்பாதவரை பெயர் வெளியே வராது என்ற உறுதியைச் சட்டத்தால் கொடுங்கள். மாதிரி வேறெந்த விசாரணைக்கும் பயன்படாது என்பதையும் எழுத்தில் தாருங்கள்.

அந்தத் தாய்மாரில் பெரும்பாலோர் இன்று அறுபதையும் எழுபதையும் கடந்தவர்கள். கட்டடமும் திறப்பு விழாவும் பிறகு ஆகட்டும்; மாதிரிகளை இப்போதே எடுத்து வையுங்கள். இது பற்றிய தங்கள் தீர்மானத்தை மலையகத்துப் பிரதேச செயலகங்கள் அனைத்துக்கும் சுற்றறிக்கையாக அனுப்புமாறும், எனக்கான பதிலை, அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருப்பதால், தமிழிலேயே எழுதுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நுவரெலியா மாவட்டத் தோட்டமொன்றிலிருந்து,
ஒரு மகன்