ஆண்டறிக்கை: கண்டியின் பழைய சேமக்காலையும் (கல்லறைத் தோட்டமும்) நமது அயலும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சங்க அங்கத்தவர்களே, அயலவர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்துக்குப் பின் நடந்தவற்றைச் சபையின் முன் வைக்கிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார்.

முதலில் வடிகான். உடவத்தகலைக் காட்டுச் சரிவில் இறங்கும் மழைநீர் மண்ணையும் சருகையும் அள்ளிவந்து ஒழுங்கையை அடைத்துவிடும். ஐப்பசி மழைக்கு முன்பே ஒரு ஞாயிறு சிரமதானம் செய்தோம். இம்முறை எந்த வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறவில்லை. குரங்குத் தொல்லைக்குத்தான் வழி பிறக்கவில்லை. குப்பைப் பைகளை இரவில் வெளியே வைக்க வேண்டாமென மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இனி, இவ்வாண்டு நாம் அதிக நேரம் செலவிட்ட பணி. தலதா மாளிகைக்கு அருகே, தேசிய அருங்காட்சியகத்தின் பின்னால் இருக்கும் பிரித்தானியக் காவற்படைச் சேமக்காலையை நம்மில் பலர் நாள்தோறும் கடந்துபோகிறோம்; உள்ளே போனவர்கள் சிலரே. 1817இல் தொடங்கிய அந்த இடத்துக் கல்வெட்டுகளைத் தமிழில் பெயர்த்து, நமது பிள்ளைகளுக்காக ஒரு கைப்பிரதி ஆக்கினோம். சேமக்காலையைப் பராமரிக்கும் காவலர் பொறுமையோடு ஒவ்வொரு கல்லாகக் காட்டி உதவினார். சபை அவருக்கு நன்றி கூற வேண்டும்.

பெயர்க்கும்போது கை தயங்கிய இடங்கள் உண்டு. 1856இல் காட்டு யானையால் இறந்த ஜோன் ரொபட்சன், 1861இல் வீடு இடிந்து விழுந்து மாண்ட டேவிட் ஃபின்ட்லே ஆகியோரைப் பற்றிப் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். என் மனதில் நின்றவர் ஜேம்ஸ் மக்கிளாஷன். வாட்டர்லூ போரில் தப்பியவர், திருகோணமலையிலிருந்து கண்டிக்கு நடந்தே வந்தார். மழையில் நனைந்து, ஆறுகளைக் கடந்து, ஈரத் தரையில் படுத்தெழும்பி, காய்ச்சலில் 1817இல் இறந்துபோனார். பீரங்கிக்குத் தப்பிய உடலை நுளம்பு கொண்டுபோனது.

பிரித்தானிய அதிகாரி ஜோன் டொய்லியும் இங்கேதான் இருக்கிறார். சிங்களம் கற்று, கண்டிப் பிரதானிகளோடு கடிதத் தொடர்பு வைத்து, இராச்சியத்தைப் பிரித்தானியர் கைக்கு மாற்றிய 1815ஆம் ஆண்டு கண்டி ஒப்பந்தத்துக்கு வழி அமைத்தவர், 1824இல் இறந்தார். அவரால் அரியணை இழந்த கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் 1832இல் வேலூரில் இறந்து பாலாற்றங்கரையில் அடக்கமானான். மன்னன் வெட்டுவித்த குளம் நம் கண்முன்னே கிடக்கிறது, அவனோ கடல்தாண்டிக் கிடக்கிறான். அவன் அரண்மனையின் பின்புறத்தில் உறங்குபவர் டொய்லி. இதை எழுதிய அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

ஆனால் கைப்பிரதி முடிந்தபோது ஒரு குறை உறுத்தியது. அந்தக் கற்களில் கோப்பித் தோட்டக் காலத்து வெள்ளையர் இருக்கிறார்கள். அதே கோப்பித் தோட்டங்களில் கூலி வேலைக்காகத் தமிழகத்திலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்துவந்த நம்மவர்கள் அதே காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் பெருந்தொகையாக மடிந்தார்கள். விழுந்த இடத்திலேயே விடப்பட்டவர்களும் உண்டு. மக்கிளாஷனின் கடைசி நடையை நாம் அறிவதற்கு ஒரு கல் இருக்கிறது. அவர்களில் ஒருவருடைய பெயரைக்கூட நம்மால் எழுத முடியவில்லை. வெள்ளையர் கல்லறை மீது எனக்குக் கோபமில்லை. இருபது வயதில் புதைக்கப்பட்டவனுக்கும் எங்கோ ஒரு தாய் அழுதிருப்பாள். நம் பக்கத்து அழுகையையும் பிள்ளைகள் அறிய வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

ஆகவே இரண்டு பிரேரணைகளை முன்மொழிகிறேன். கைப்பிரதியின் அடுத்த பதிப்பில் அந்த வடக்குப் பாதையின் வரலாறு ஒரு தனிப் பகுதியாகச் சேர வேண்டும். அதற்காக, பாட்டன் பூட்டன் நடந்துவந்த கதை தெரிந்த வீடுகளிலிருந்து அவற்றைக் கேட்டு எழுத மூவர் கொண்ட குழு ஒன்றை இன்றே தெரிவுசெய்ய வேண்டும். முதிய அங்கத்தவர்கள் பலர் இவ்வாண்டு நோயுற்றிருந்ததால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

வழிமொழிவோர் கையுயர்த்துமாறு கேட்டு, அறிக்கையைச் சபையின் ஏற்புக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்